சாவு நாடகத்தன்று வந்த அழைப்பு

பெற்ற மகள் செத்துக் கிடப்பதைப் பார்த்து ஓடிவந்து அலறு என்று ஒருத்தன் சொன்னால், சொன்ன வாயில் ஓங்கி ஒன்று போட வேண்டாமா? டோரன் ஊரில் போடமாட்டார்கள். "எத்தனை மணிக்கு வரணும்?" என்று கேட்டுக்கொள்வார்கள். நெப்ராஸ்காவின் அந்த மூலையில் அது வசந்தகாலத்துச் சடங்கு. பனி கரைந்து, பள்ளியின் நடன விழா நெருங்கும் வாரத்தில், குடித்துவிட்டு வண்டி ஓட்டாதீர்கள் என்று பிள்ளைகளுக்குப் புத்தி சொல்வதற்காக, பள்ளி மைதானத்தில் பொய்யாக ஒரு கார் விபத்து நடத்துவார்கள். நசுங்கிய கார்கள் நிஜம், தீயணைப்பு வண்டி நிஜம், ஆம்புலன்ஸ் நிஜம், போலீஸ் தலைவர் ஷெரீஃப் நிஜம். ரத்தம் மட்டும் சோளப்பாகில் சிவப்புச் சாயம் கலந்தது. சில பிள்ளைகள் அடிபட்டுக் கிடப்பார்கள், ஒரு பிள்ளை செத்துப்போகும். செத்த பிள்ளையின் அம்மா ஓடிவந்து கதறுவாள். பெஞ்சு வரிசைகளில் உட்கார்ந்திருக்கும் பள்ளிக்கூடம் மொத்தமும் மூக்கைச் சிந்திவிட்டுக் கலையும்.

இந்த வருஷம் சாகும் முறை டெஸாவுக்கு வந்தது. அவளுடைய அம்மா ஜோலீன் வோண்ட்ரா அதே பள்ளியின் அலுவலக எழுத்தர். போன் எடுப்பது, தாமதமாக வரும் பிள்ளைகளுக்குச் சீட்டுக் கொடுப்பது, பள்ளி மாவட்டத்தின் வலைப்பக்கத்தில் செய்தி போடுவது எல்லாம் அவள் தலையில்.

ஒத்திகையில் ஜோலீன் மானத்தை வாங்கினாள். மகளை மூடிய வெள்ளைத் துணியைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வரவில்லை, சிரிப்பு வந்தது. பயத்தில் வருகிற சிரிப்பு அது. ஒருமுறை அல்ல, வைத்த ஒத்திகை அத்தனையிலும் அப்படித்தான். பள்ளி மாவட்டக் கண்காணிப்பாளர் லோவெல் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏம்மா, பொண்ணு செத்துக் கிடக்கா, நீ என்னமோ கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி சிரிக்கிற."

"சார், வேற யாரையாவது போடுங்களேன்."

"செத்தவ அம்மாதான் வரணும். அதுதான் வழக்கம்."

துணிக்கு அடியிலிருந்து டெஸா முனகினாள். "விடுங்க சார். எங்கம்மாவுக்கு சுட்டுப்போட்டாலும் நடிப்பு வராது."

அந்தச் சிரிப்புக்குள் இருந்தது என்ன என்று ஜோலீன் யாரிடமும் சொல்லவில்லை. இப்படியெல்லாம் விளையாடினால் அது பலித்துவிடும் என்று அவளுக்குப் பயம். படித்தவள்தான், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள்தான். இருந்தாலும் ராத்திரி மகளின் அறைக்கதவைத் திறந்து மூச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் படுத்தாள். விளையாட்டு வினையாகும் என்று சும்மாவா சொன்னார்கள்? வினை வரத்தான் செய்தது. அவள் காவல் காத்த கதவு வழியாக வரவில்லை, அவ்வளவுதான்.

நாடகத்தன்று மத்தியானம் பெரிய வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் மைதானத்துக்குப் போய்விட்டார்கள். குழந்தைகள் வகுப்பு மட்டும் உள்ளே இருந்தது. சின்னஞ்சிறுசுகள் அதைப் பார்க்கக் கூடாது. அலுவலகத்தில் ஜோலீன் தனியாக உட்கார்ந்து அந்த வாரத்துச் செய்திகளைத் தட்டிக்கொண்டிருந்தாள். ஓட்டப்பந்தயத்தில் இரண்டாம் இடம். வேளாண்மை வகுப்பின் தக்காளி நாற்று விற்பனை. குழந்தைகள் வகுப்பில் கோழிக்குஞ்சு வாரம். தன் காட்சிக்குக் கூப்பிடும்வரை கை சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது அவளுக்கு.

போன் அடித்தது. கோடி.

கோடி பள்ளி இறுதி வகுப்புப் பையன், பள்ளிச் சமையலறையில் வேலை செய்யும் ரோண்டாவின் ஒரே மகன். வாய்க்கொழுப்புப் பிடித்தவன். யார் குரலில் வேண்டுமானாலும் பேசுவான். பிப்ரவரியில் ஒரு நாள் விடிகாலையில் லோவெலின் குரலில் ஜோலீனுக்குப் போன் போட்டு, "பனிப்புயல் வருது, இன்னிக்குப் பள்ளி லீவுன்னு போட்டுரும்மா" என்றான். அவளும் தூக்கக் கலக்கத்தில் போட்டுவிட்டாள். பளீரென்று வெயில் அடிக்க, மாவட்டம் மொத்தமும் வீட்டில் உட்கார்ந்திருந்தது. லோவெல் அத்தனை ஆசிரியர்கள் முன்னால் அவளை வாங்கு வாங்கென்று வாங்கினார். அன்றிலிருந்து கோடியின் குரல் போனில் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். அவன் இன்று நாடகம் பார்ப்பதிலிருந்து நழுவுவதற்கென்றே, குழந்தைகள் வகுப்புக்குக் குஞ்சு வாங்கி வருகிறேன் என்று தீவனக் கடைக்குப் போயிருந்தான். பள்ளி வேலையாக வண்டி எடுத்துப் போகும் பிள்ளைகள் திரும்பக் கிளம்பும்போது அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும். அது விதி.

"மிஸ், குஞ்சுப் பெட்டிய ஏத்தியாச்சு. கிளம்பிட்டேன். ஓடையோர ரோட்டுல வர்றேன். ஹைவேயில நாடகத்துக்குன்னு ஒரே வண்டியா நிக்குதாம்."

"மெதுவா வா. பச்சைப் பிஞ்சுங்க உள்ள இருக்கு."

"அதுங்க என்னைப் பேசவே விடல மிஸ், கேளுங்க." அவன் போனைக் கீழே நீட்டியிருப்பான் போலிருக்கிறது. கீச்கீச்சென்று காது கிழிந்தது. ஜோலீன் தன்னையறியாமல் சிரித்துவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் மைதானத்தில் சைரன் கிளம்பியது. நாடகம் தொடங்கிவிட்டது. அந்தச் சத்தத்தின் நடுவே மறுபடி போன்.

"மிஸ்." மூச்சு வாங்கியது. "மிஸ், வண்டி ஓடையில விழுந்துருச்சு. ரோடு அரிச்சுக் கிடந்திருக்கு, நான் பாக்கல. காலு மாட்டிக்கிச்சு. ஒரு கையும் அசையல. தண்ணி உள்ள வருது மிஸ்."

பின்னால் குஞ்சுகள் கத்தின. முன்னைவிட உரக்க.

"ஆஹா!" என்று சிரித்தாள் ஜோலீன். "வாங்க ராஜா. இன்னிக்கு நம்மள ஏமாத்த இந்த வேஷமா?"

"விளையாடல மிஸ்."

"பிப்ரவரியில லோவெல் சாரும் இப்படித்தான்டா அடிச்சுச் சொன்னாரு. நாடகத்துல உன் பேரு இல்ல கோடி. இருக்கிற பொணம் போதும் எங்களுக்கு."

"தண்ணி சில்லுன்னு இருக்கு மிஸ். இடுப்பு வரைக்கும்... யாரையாவது அனுப்புங்க. சத்தியமா மிஸ்."

"அந்த இடுப்புல ரெண்டு போட்டா எல்லாம் சரியாயிரும். குழந்தைங்க காத்துக்கிட்டு இருக்கு. குஞ்சக் கொண்டாந்து சேர்க்கிற வழியப் பாரு."

டக்கென்று வைத்தாள். வைத்ததில் ஒரு திருப்தி கூட வந்தது. இந்த முறை ஏமாறவில்லை பார். கோழிக்குஞ்சு வாரம் இன்று தொடங்குகிறது என்று தட்டி, ஒரு படத்துக்கு இடம் விட்டாள்.

குழந்தைகள் வகுப்பு ஆசிரியை பெக்கா கதவில் தலையை நீட்டினாள். "ஜோலீன், குஞ்சு வந்துச்சா? பெட்டியில வைக்கோல் பரப்பிட்டு வாசல்லயே உக்காந்திருக்குதுங்க எல்லாம். ஒண்ணுக்குக் கூடப் போக மாட்டேங்குதுங்க."

"வந்துக்கிட்டே இருக்கு. இப்பதான் போன்ல கூட கீச்கீச்சுனு..."

சொல்லிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

கத்தின. இரண்டாவது அழைப்பிலும் கத்தின. ஆனால் எதுவரை? இடுப்பு வரைக்கும் என்று அவன் சொன்னபோது கத்தினவா? சத்தியமா மிஸ் என்றபோது? அவள் நினைவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கடைசியில் அவன் குரலுக்குப் பின்னால் குஞ்சுச் சத்தமே இல்லை. களக் களக்கென்று ஏதோ ஒன்றுதான் கேட்டது. குஞ்சுப் பெட்டி வண்டியின் தரையில் இருக்கும். தண்ணீர் முதலில் அங்கேதான் வரும்.

எவ்வளவு பெரிய போக்கிரியாக இருந்தாலும், ஏமாற்றுவதற்காக ஒருவன் குஞ்சுகளைச் சாகவிடுவானா?

"ஐயோ," என்றாள் ஜோலீன். "ஐயோ கடவுளே, நான் போன வச்சிட்டேன்."

கோடியின் எண்ணை அழுத்தினாள். வேறு அழைப்பில் இருக்கிறார் என்றது. யாருடன்? அவசர எண்ணை அழுத்தினாள். எடுத்தவன் அவளைப் பேசவே விடவில்லை.

"டோரன் பள்ளிதான? தெரியும்மா. காலையிலேருந்து ரோட்டுல போறவன் வர்றவன் எல்லாம் அந்த மைதான விபத்துக்குத்தான் போன் பண்றான். அது நாடகம், பயப்படாதீங்க."

"இது வேற! ஓடையோர ரோடு! ஒரு பையன் வண்டியோட தண்ணிக்குள்ள கிடக்கிறான்!"

அவன் கொஞ்சம் தயங்கினான். "மாவட்டத்து வண்டி மொத்தமும் உங்க மைதானத்துலதான் நிக்குது. நான் ரேடியோவுல சொல்றேன். நீங்களும் ஓடிப்போய் தீயணைப்பு ட்வேன்கிட்ட நேர்ல சொல்லுங்க."

ஜோலீன் போனைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். செருப்பு ஒன்று வராந்தாவிலேயே கழன்று போனது. எடுக்கவில்லை.

மைதானத்தில் சைரனும், இரும்பு வெட்டும் இயந்திரத்தின் உறுமலும், ஒலிபெருக்கியும் காதைப் பிய்த்தன. நசுங்கிய காரின் கதவை அந்த இயந்திரம் கவ்விக்கொண்டிருந்தது. புல்லில் வெள்ளைத் துணி. அதன் அடியில் டெஸா. ஒற்றைச் செருப்போடு, தலை கலைந்து, அலறிக்கொண்டு ஓடிவரும் ஜோலீனைப் பள்ளிக்கூடம் மொத்தமும் பார்த்தது. பெஞ்சுகளில் ஒரு விசும்பல் எழுந்தது.

ஒலிபெருக்கியில் லோவெல் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பாருங்க பிள்ளைங்களா. பெத்தவ மனசு என்ன பாடு படும்னு நல்லாப் பாருங்க."

தீயணைப்புத் தலைவர் ட்வேன் ஒத்திகையில் செய்தது போலவே குறுக்கே வந்து அவள் தோளைப் பிடித்தார். "மேடம், கிட்ட வராதீங்க!" என்று ஊருக்குக் கேட்கக் கத்திவிட்டு, காதருகே, "சூப்பர் ஜோலீன், கொஞ்சம் முந்திட்ட, பரவாயில்ல, அப்படியே கொண்டு போ" என்றார்.

"ட்வேன், நாடகம் இல்ல! கோடி ஓடையில கிடக்கிறான்! தண்ணி ஏறுது!"

"அழு, அழு. நல்லா வருது."

"என் மூஞ்சியப் பாருய்யா!"

"பாருங்க," என்றது ஒலிபெருக்கி. "அவங்களால நம்ப முடியல."

புலி வருது கதையை எல்லோரும் கேட்டிருப்பார்கள். கத்துகிறவன் நிலைமையை யார் யோசித்தார்கள்? புலி நிஜமாகவே வந்துவிட்டது. நெஞ்சு வெடிக்கக் கத்துகிறாள். கத்தக் கத்த ஜனம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பலே என்கிறது. வேலியோரம் நின்ற சமையலறைப் பெண்கள் ஏப்ரனில் முகத்தைப் பொத்தி அழுதார்கள். அவர்களில் ரோண்டாவும் இருந்தாள். அவள் மகன் தண்ணீருக்குள் இருக்க, அவள் டெஸாவுக்காக அழுதுகொண்டிருந்தாள்.

ட்வேனின் பிடியை உதறிக்கொண்டு போய் வெள்ளைத் துணியை வாரி இழுத்தாள். டெஸா முகம் முழுக்கச் சிவப்பாகக் கண்ணை மூடிக் கிடந்தாள்.

"எந்திரிடி. டெஸா, எந்திரி."

"அம்மா, நான் கண்ணத் தொறக்கக் கூடாது," என்று உதடு அசையாமல் சொன்னாள் பெண்.

"கோடி நிஜமா ஓடையில விழுந்துட்டான். என்னை யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க. நீயாவது நம்புடி."

வைத்த ஒத்திகை அத்தனையிலும் சிரித்த அந்தக் குரலில் இப்போது சிரிப்பு இல்லை. டெஸா கண்ணைத் திறந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அவ்வளவுதான், செத்த பெண் துள்ளி எழுந்து நின்றாள்.

பெஞ்சுகளில் யாரோ சிரித்தார்கள். டெஸா தொண்டை கிழியக் கத்தினாள்.

"நிறுத்துங்க! எல்லாத்தையும் நிறுத்துங்க! எங்கம்மாவுக்கு நடிக்க வராது! எல்லாருக்கும் தெரியும்ல, அவங்களுக்கு நடிக்க வராது!"

லோவெலின் வாய் ஒலிபெருக்கியின் முன்னால் திறந்தபடி நின்றது. எவனோ சைரனை அணைத்தான், இயந்திரத்தை அணைத்தான். அந்த அமைதியில் ட்வேனின் இடுப்பு ரேடியோ பேசிக்கொண்டிருந்தது. எத்தனை நேரமாகவோ. ஓடையோர ரோடு, பிக்கப் வண்டி, உள்ளே ஒருவர், ட்வேன் பதில் சொல்லுங்கள், ட்வேன் பதில் சொல்லுங்கள்.

"யாருன்னு சொன்ன?" ட்வேனின் முகம் வெளுத்தது. "ரோண்டா மகனா?"

வேலியோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "என் பையன் பேரை ஏன் சொல்றீங்க? ஏய், என் பையன் பேரை ஏன் சொல்றீங்க?"

அதன்பிறகு நடந்ததெல்லாம் ஓட்டமும் கூச்சலும். பொய்க்காரின் கதவில் கவ்வியிருந்த இயந்திரத்தை விடுவிக்க வேண்டும். அது இல்லாமல் போய்ப் பயனில்லை. நாலு பேர் இழுத்தும் வரவில்லை. சோளப்பாகு கையில் வழுக்கியது. அடிபட்டதாகக் கிடந்த பிள்ளைகள்கூட எழுந்து வந்து இழுத்தார்கள். ஜோலீன் பக்கத்தில் நின்று, "சீக்கிரம், சீக்கிரம்" என்பதையே சொல்லிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் தண்ணீர் இன்னும் எங்கே ஏறியிருக்கும் என்று அவள் உடம்பிலேயே தெரிந்தது. இடுப்பு. மார்பு. கழுத்து.

ஓடைக் கரையில் போய் நின்றபோது வண்டியின் பின்பக்கம் மட்டும் வெளியே தெரிந்தது. உருகிய பனியெல்லாம் சேர்ந்து ஓடை பழுப்பாகச் சுழித்தது. அட்டைப்பெட்டி ஒன்று நாணலில் சிக்கி நின்றது. அதைச் சுற்றி மஞ்சள் மஞ்சளாக என்னவோ மிதந்தது. ரோண்டா தண்ணீரில் இறங்கப் பார்க்க, ஜோலீனும் டெஸாவும் அவளைப் பிடித்துக்கொண்டார்கள்.

"உயிரோட இருக்கான்!" என்று ஜன்னல் பக்கமிருந்து ட்வேன் கத்தினார். "மூக்கு மட்டும் வெளிய இருக்கு. கோடி, தலைய இறக்காத. டேய், என்னையப் பாரு!"

அவன் மோவாயைத் தன் உள்ளங்கையால் தாங்கிக்கொண்டு ட்வேன் கழுத்தளவு தண்ணீரில் நின்றார். இயந்திரம் உறுமியது. இரும்பு கிரீச்சிட்டது. ஒரு சுழி வந்து இரண்டு தலையையும் மூடியது. ரோண்டா கத்தவில்லை. ஜோலீனின் கையை மட்டும் நசுக்கினாள். விரல் ஒடிந்தாலும் பரவாயில்லை என்று ஜோலீன் நினைத்தாள். ஒடியட்டும்.

கரையில் கிடத்தியபோது அவன் நீலமாக இருந்தான். மூச்சில்லை. ட்வேன் மார்பில் அழுத்தினார், ஊதினார், அழுத்தினார். சிவப்புச் சாயம் பூசிய முகத்தோடு டெஸா சேற்றில் மண்டியிட்டு, "கோடி, இப்ப விளையாடாத. கோடி, விளையாடாத" என்றாள். நடிப்புக்கு அழுத ஊர் அங்கே அழவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு நின்றது.

அவன் வாயிலிருந்து பழுப்புத் தண்ணீர் கொப்பளித்தது. இருமினான். மறுபடி இருமினான்.

ரோண்டா அப்படியே சரிந்து ஜோலீனைக் கட்டிக்கொண்டாள். "நீ மட்டும் போன எடுக்கலைன்னா என் புள்ள போயிருப்பான். நீதான்டி காப்பாத்துன. நீதான்டி." ஜோலீன் வாயைத் திறந்தாள். அதற்குள் ஆம்புலன்ஸில் ஏறச் சொல்லி ரோண்டாவை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

மறுநாள் லோவெல் ரொம்ப மரியாதையாக அலுவலகத்துக்கு வந்தார். வலைப்பக்கத்தில் செய்தி போட வேண்டுமாம், சமயோசிதமாகச் செயல்பட்டு மாணவன் உயிரைக் காத்த எழுத்தர் என்று. "உன்னப் பத்தி நீயே எழுதக் கூச்சமா இருந்தா நான் எழுதறேன்மா" என்றார். மேசைத் தொலைபேசியில் சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. நேற்று அவள் போனில் மற்றவர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோதும், மைதானத்தில் கத்திக்கொண்டிருந்தபோதும் வந்த அழைப்புகள், எடுக்க ஆளில்லாமல் பதிவாகியிருந்தன. காலையிலிருந்து அவள் அந்த விளக்கைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள். காகிதம் ஒன்றை மேலே போட்டு மூடினாள். காகிதத்தின் வழியாகவும் மின்னியது.

சாயங்காலம் ரோண்டா வந்தாள், மகனின் பள்ளி அலமாரியிலிருந்து துணிமணி எடுத்துப் போக. கால் பிழைத்துவிடும் என்று டாக்டர் சொன்னாராம். முகம் வீங்கியிருந்தது, ஆனால் சிரித்தாள். ஜோலீனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"எதுவும் நினைப்பில்லங்கிறான். கடையில குஞ்சு ஏத்துனது வரைக்கும்தான் ஞாபகம் இருக்காம். அவன் கூப்பிட்டதும் நீ ஓடுனதும் நான் சொல்லித்தான் அவனுக்கே தெரியும்."

அவனுக்கு நினைவில்லை. யாருக்கும் தெரியப் போவதில்லை. ஒரு பொத்தானை அழுத்தினால் பதிவும் அழிந்துவிடும். ஜோலீன் கையை விடுவித்துக்கொண்டாள். காகிதத்தை எடுத்தாள். பதிவைப் போட்டாள்.

முதலில் சைரன் போல ஒரு ஊளை. மைதானத்துச் சைரன் இல்லை, அவன் வண்டியின் ஹாரன் சிக்கிக்கொண்டு அலறியது. பிறகு கோடியின் குரல், பல் தந்தியடிக்க.

"மிஸ், இன்னொரு தடவை கூப்பிடுறேன்னு கோவிச்சுக்காதீங்க. கட்டை விரல் மட்டும்தான் அசையுது, இந்த நம்பர்தான் வருது. நெஞ்சு வரைக்கும் வந்துருச்சு. பிப்ரவரி மாசம் பண்ணது தப்புதான் மிஸ். இனிமே பண்ண மாட்டேன். இந்தத் தடவை சிரிச்சுட்டு வச்சிராதீங்க மிஸ். எங்கம்மா சமையல் ரூம்லதான் இருப்பாங்க, அவங்களையாவது கூப்பிடுங்க. மிஸ்?"

அத்தோடு தண்ணீர்ச் சத்தம்.

ரோண்டா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சிரிச்சியா?" என்றாள் கடைசியில்.

"சிரிச்சேன். ஏமாத்துறான்னு நினைச்சு வச்சிட்டேன்."

"என் புள்ள புத்தி எனக்குத் தெரியாதா? நானா இருந்தாலும் வச்சிருப்பேன், ஜோலீன்." அவள் மகனின் துணிமூட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "ஆனா வச்சது நீ."

அப்போது போன் அடித்தது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஜோலீனுக்குக் கை எழவில்லை. அடித்துக்கொண்டே இருந்தது. ரோண்டா மூட்டையை மேசைமேல் வைத்துவிட்டு, எட்டிப் போனை எடுத்தாள்.

"சொல்லுங்க," என்றாள். "கேக்கிறேன், சொல்லுங்க."